பொட்டன்ஷியல் ஃப்ரீ காண்டாக்ட்: மீட்டரில் ஒன்றும் காட்டாவிட்டால் ரிலே போச்சு என்று அர்த்தமா?

வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் அந்த வரிசையில் ஒரு இடம் காலி. தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த இடத்தில் 'வோல்டேஜ் இல்லாத காண்டாக்ட்' என்று எழுதி வைக்கலாம் போலத் தோன்றியது.

கேள்வி இதுதான். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புதிதாக வந்த ஜெனரேட்டர் பேனலின் ட்ராயிங்கில் 11, 12, 14 என்று மூன்று டெர்மினல், பக்கத்தில் 'டிஜி ரன்னிங், பொட்டன்ஷியல் ஃப்ரீ காண்டாக்ட்' என்று எழுதியிருக்கிறது (டிஜி என்றால் டீசல் ஜெனரேட்டர்). ஜெனரேட்டர் ஓடும்போது 11க்கும் 14க்கும் மீட்டர் வைத்தால் சைபர். 14க்கும் நியூட்ரலுக்கும் வைத்தாலும் சைபர். சீனியர் "ரிலே போச்சு, மாத்து" என்கிறார். பேனல் கம்பெனியில் இருந்து வந்தவர் "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்கதான் சப்ளை கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன சப்ளை, 230ஆ 24ஆ, 350 மீட்டர் தள்ளி இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டின் (இடிபி) பிஎல்சிக்கு, அதாவது அங்குள்ள மெஷின்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு, அதை எப்படிக் கொண்டுபோவது?

பேனல்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

ரிலேக்குள் இரண்டு வேறு வேறு உலகம் இருக்கிறது. ஒன்று காயில். அதற்கு சப்ளை கொடுத்தால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். இன்னொன்று அந்தத் தகடு நகர்த்தும் காண்டாக்ட். காயிலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டும் கொஞ்சம் காற்றும்தான், கம்பித் தொடர்பு எதுவும் கிடையாது. காயிலுக்குப் போகும் 24 வோல்ட்டோ 230 வோல்ட்டோ காண்டாக்ட் பக்கம் ஒரு சொட்டுகூட வராது. காவேரிப்பாக்கம் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது. ஏரி வற்றிக் கிடக்கும் சித்திரையிலும் பலகையை ஏற்றலாம், இறக்கலாம், பலகை ஒழுங்காகத்தான் வேலை செய்யும். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையே என்று மதகைக் கழற்றி மாற்ற மாட்டோம். உங்கள் 11-14 அந்த மாதிரி ஒரு பலகை. ஜெனரேட்டர் ஓடும்போது மூடுகிறது, நின்றால் திறக்கிறது. இரண்டு பக்கமும் வறண்டு கிடப்பதால் மீட்டர் சைபர் காட்டுகிறது.

இதற்குப் பல பெயர். வெளிநாட்டு ட்ராயிங்கில் 'வோல்ட் ஃப்ரீ', நம் ஊர் பேனல்காரர்களிடம் 'பொட்டன்ஷியல் ஃப்ரீ', லிஃப்ட், ஃபயர் அலாரம் ஆட்களிடம் 'ட்ரை காண்டாக்ட்'. சிலர் சுருக்கி 'பிஎஃப்சி' என்று எழுதுவார்கள். பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் பேனலுக்கும் அதே மூன்றெழுத்துதான் என்பதால் டெண்டர் பேப்பரில் அப்படி எழுதாமல் இருப்பது நல்லது. இதனால் வந்த சண்டையை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

எதிர் ஜாதி 'வெட் காண்டாக்ட்'. அதில் பேனலுக்குள்ளேயே ஒரு பக்கத்துக்கு ஃபேஸ் கொடுத்து வைத்திருப்பார்கள். காண்டாக்ட் மூடினால் வெளியே வரும் வயரில் 230 தயாராக நிற்கும். பல்ப் எரிய வைக்க, சைரன் அடிக்க அது வசதி. ஆனால் ஜெனரேட்டர் செய்கிறவருக்கு உங்கள் பிஎல்சி 24 வோல்ட் டிசியா, பக்கத்து மருத்துவமனையின் பிஎம்எஸ் (கட்டடத்தைக் கண்காணிக்கும் சிஸ்டம்) 12 வோல்ட்டா, சப்ஸ்டேஷன் பேனல் 110 வோல்ட் டிசியா என்று எப்படித் தெரியும்? அதனால் "திறந்து மூடும் வேலை என்னுடையது, சப்ளை உங்களுடையது" என்று காலியாகக் கொடுத்துவிடுகிறார். டிரான்ஸ்ஃபார்மர் மேல் இருந்து உள்கோளாறைக் காட்டிக்கொடுக்கும் புக்ஹோல்ஸ் ரிலேயைப் பாருங்கள். மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921இல் கொண்டுவந்த சாதனம். அதன் அலாரம் காண்டாக்டும் டிரிப் (சப்ளையை அறுக்கும்) காண்டாக்டும் இன்றைக்கும் இப்படித்தான் வெறுமனே டெர்மினல் பாக்ஸில் வந்து நிற்கின்றன. யார் எந்த பேட்டரியை வைத்து அதைப் படித்தாலும் அதற்குக் கவலையில்லை.

டெர்மினல் எண்களை ஒருமுறை மனதில் போட்டுக்கொண்டால் பாதி ட்ராயிங் புரிந்துவிடும். கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 3-4 என்று முடிந்தால் நார்மலி ஓப்பன், 1-2 என்று முடிந்தால் நார்மலி குளோஸ். கன்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளை சேர்க்கும் பெரிய ரிலே) பக்கத்தில் 13-14, 21-22 என்று பார்த்திருப்பீர்கள். ஒரே காமனில் இருந்து இரண்டு பக்கமும் மாறுகிற சேஞ்ச்ஓவர் காண்டாக்ட் என்றால் 1 காமன், 2 குளோஸ், 4 ஓப்பன். உங்கள் 11-12-14 அதுதான். ஓவர்லோட் ரிலேயில் மட்டும் 95-96 டிரிப்புக்கு, 97-98 அலாரத்துக்கு. காயில் எப்போதும் ஏ1, ஏ2.

இப்போது நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், மேல்விஷாரம் பக்கம் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இரண்டு பம்ப் பேனல்கள். முதல் பம்ப் ஓடினால்தான் இரண்டாவது ஓட வேண்டும். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் முதல் பேனலின் ஃபேஸை அங்கேயே 13-14 வழியாக எடுத்து, அந்த வயரை நேராக இரண்டாவது பேனலின் காயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேலை செய்தது, வருடக்கணக்கில் செய்தது. ஒருநாள் இரண்டாவது பேனலில் காயில் மாற்றப் போனேன். ஐசோலேட்டரை (மெயின் சுவிட்ச்) இறக்கினேன், எம்சிபியை இறக்கினேன், வரும் ஃபேஸ் மூன்றிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஏ1 ஸ்குருவைத் தொட்டதும் கை உதறி கதவில் இடித்தது. முதல் பம்ப் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. என் பேனலில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பக்கத்து பேனலின் 230 என் காயிலில் உட்கார்ந்திருந்தது.

பொட்டன்ஷியல் ஃப்ரீயாகச் செய்திருந்தால்? இரண்டாவது பேனலின் ஃபேஸ் முதல் பேனலின் 13க்குப் போய், 14இல் இருந்து திரும்பி வந்து காயிலில் சேர்ந்திருக்கும். இரண்டாவது பேனலை அணைத்தால் காயில் செத்துவிடும், எனக்கு அடி விழுந்திருக்காது. அதுவரை சரி. ஆனால் இதையும் யோசியுங்கள். இப்போது முதல் பேனலை முழுக்க அணைத்துவிட்டு யாராவது அந்த 13ஐத் தொட்டால் அவருக்கு அடி விழும். அந்நிய வோல்டேஜ் காணாமல் போகவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 'ஃப்ரீ' என்ற சொல்லைப் பார்த்து, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்தக் காண்டாக்டுக்குத் தன்னுடைய வோல்டேஜ்தான் கிடையாது, அடுத்தவர் கொடுத்ததைத் தாராளமாக வைத்திருக்கும். எந்த டெர்மினல் முன்னால் நின்றாலும் முதலில் கேட்க வேண்டியது "இதில் யாருடைய வோல்டேஜ்?" என்பதைத்தான். "வோல்டேஜ் இருக்கிறதா?" என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்காகத்தான் மெஷின்களின் மின்சாரப் பாதுகாப்புக்கான சர்வதேச ஐஇசி 60204-1 ஸ்டாண்டர்டில் ஆரஞ்சு கலர் வயரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மெயின் ஐசோலேட்டரை இறக்கினாலும் உயிரோடு இருக்கும் சர்க்யூட்டுக்கு ஆரஞ்சு. நம் பக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு பேனலில் இதை யாரும் செய்வதில்லை, கைக்கு வந்த கலரைப் போடுகிறார்கள். பத்து மீட்டர் ஆரஞ்சு வயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவு இல்லை.

இன்னொரு வம்பும் இதே குடும்பம். ஒரு பேனலின் கண்ட்ரோல் ஆர் ஃபேஸில் இருந்து, இன்னொன்று ஒய் ஃபேஸில் இருந்து எடுத்திருக்கலாம். இரண்டு வெட் காண்டாக்டைத் தெரியாமல் ஒரே காயிலின் இரண்டு முனையில் சேர்த்தால் அந்த 230 வோல்ட் காயில் 415 வோல்ட்டைப் பார்க்கும். புகைதான் மிச்சம். பகலில் தனித்தனியாக டெஸ்ட் பண்ணும்போது நன்றாக இருந்தது, ராத்திரி இரண்டும் சேர்ந்து ஓடும்போது எரிந்தது என்று யாராவது சொன்னால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

சரி, 230ஆ 24ஆ? காண்டாக்ட் தாங்கும் வரை எது வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ரிலேயின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். சாதாரண ரிலேயில் '10 ஆம்ப் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்ப் 30 வோல்ட் டிசி' என்று அச்சடித்திருப்பார்கள். பத்து ஆம்ப் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதை 110 வோல்ட் டிசி டிரிப் காயிலில் சேர்த்தவர்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஏசியில் கரண்ட் ஒரு நொடிக்கு 100 முறை தானாகவே சைபருக்கு வந்துபோகும், காண்டாக்ட் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடத்தில் அணைந்துவிடும். டிசியில் அந்தச் சைபர் வராது. அதனால் அதே ரிலே 110 வோல்ட் டிசியில் அரை ஆம்ப் அளவுக்குத்தான் அறுக்கும். அதற்கு மேல் போனால் பொறி நீண்டு நின்று காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். காயில், சோலனாய்டு மாதிரி சுமை என்றால் இன்னும் மோசம். அதில் டிசி என்றால் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு, ஏசி என்றால் ஆர்சி ஸ்னப்பர் (பொறியை அடக்கும் ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஜோடி) போடாமல் விடாதீர்கள்.

சேஞ்ச்ஓவர் காண்டாக்டில் 14இல் 230 சர்க்யூட்டையும் 12இல் 24 வோல்ட் பிஎல்சியையும் எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. காமன் ஒன்றுதானே, ஒன்றில் கொடுத்ததுதான் இன்னொன்றிலும் வரும். இரண்டு சப்ளை வேண்டுமென்றால் இரண்டு தனிக் காண்டாக்ட் உள்ள ரிலே வேண்டும்.

அதிக கரண்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் பகுதியில் என்னை அதிகம் படுத்தியது குறைந்த கரண்ட்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலை செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பத்தடி தள்ளி ஒரு பேனல். சம்பில் (கழிவுநீர் சேரும் குழி) இருக்கும் ஃப்ளோட் சுவிட்ச் ஒரு ரிலேயை இழுக்கும், அந்த ரிலேயின் வெறும் காண்டாக்ட் பிஎல்சிக்கு 24 வோல்ட்டைக் கொண்டுபோகும். வைத்த நான்கு மாதத்தில் தகராறு ஆரம்பம். சம்ப் நிரம்பியிருக்கும், ரிலே டக்கென்று அடித்திருக்கும், பிஎல்சியில் லைட் வராது. ஸ்குருடிரைவர் பிடியால் ரிலே மண்டையில் ஒரு தட்டு தட்டினால் வரும். இரண்டு நாள் ஓடும், மறுபடி படுக்கும். கழற்றி மீட்டரில் பஸ்ஸர் (தொடர்பு இருந்தால் கத்துவது) வைத்தால் சில சமயம் கத்தும், சில சமயம் கத்தாது. ரிலேயை மாற்றினோம், நான்கு மாதத்தில் அதே கதை. பிஎல்சி கார்டைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், அது தண்டச் செலவு.

கடைசியில் ரிலேயின் கவரை உடைத்துப் பார்த்தபோது காண்டாக்ட் இரண்டும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. காரணம் தொட்டியில் இருந்தது. தோலில் முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத் தண்ணீரோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். (தொட்டிக்குள் இறங்கி மூச்சுத் திணறி உயிர் விடுகிறவர்களைக் கொல்வதும் அதே வாயுதான். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள், அதிகமானால் மூக்கு மரத்துப்போய்விடும்.) ரிலே காண்டாக்ட் பெரும்பாலும் வெள்ளிக் கலவை. நம் வீட்டு வெள்ளிக் கொலுசும் குத்துவிளக்கும் எதனால் கறுக்கின்றனவோ அதனால்தான் இதுவும் கறுக்கிறது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலம் ஆகிவிடுகிறது, கரண்ட் அதைத் தாண்ட மறுக்கிறது.

அப்படியானால் அதே பேனலில் 230 வோல்ட்டில் கன்டாக்டர் காயிலை இழுக்கும் ரிலேக்கள் ஏன் வருடக்கணக்கில் ஓடின? 230 வோல்ட் அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு போய்விடும், ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி காண்டாக்டைச் சுட்டுச் சுத்தம் செய்துவிடும். பிஎல்சி இன்புட் இழுப்பது ஐந்தாறு மில்லியாம்ப்தான், அதுவும் 24 வோல்ட்டில். அதற்குப் படலத்தை உடைக்கும் தெம்பு கிடையாது. ஒரு காண்டாக்ட் ஒழுங்காகக் கடத்த இவ்வளவு வோல்ட், இவ்வளவு கரண்டாவது ஓட வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, அதை வெட்டிங் கரண்ட் என்பார்கள். கேட்டலாக்கில் 'மினிமம் லோட்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். தடிமனான பவர் ரிலே சிலவற்றில் அது 5 வோல்ட் 100 மில்லியாம்ப் என்று இருக்கும். அதை 5 மில்லியாம்ப் சிக்னலுக்குப் போடுவது நெல் மூட்டை தூக்கும் ஆளிடம் பூத்தொடுக்கச் சொல்வது மாதிரி.

நாங்கள் முதலில் செய்த முட்டாள்தனம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது. படலம் போகும், கூடவே காண்டாக்டின் வழவழப்பும் போகும், மணல் துகள் உள்ளே தங்கும். முன்னைவிடச் சீக்கிரம் கறுத்தது. அப்புறம் தங்க முலாம் பூசிய, இரட்டை முனை உள்ள சிக்னல் ரிலே வாங்கிப் போட்டோம், கவர் முழுக்க சீல் செய்தது. பேனலின் கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைத்தோம். அதன் பிறகு அந்த இடத்துக்கு நான் ஸ்குருடிரைவரோடு போகவில்லை. ஒரு எச்சரிக்கை. தங்க முலாம் காண்டாக்டில் ஒரே ஒருமுறை 230 வோல்ட் சுமையைப் போட்டு எடுத்தாலும் பொறியில் முலாம் எரிந்துவிடும், அதற்கு மேல் அது வெறும் வெள்ளிதான். சிக்னலுக்கு வைத்ததை யாரும் பல்ப் எரிக்கக் கடன் வாங்கக் கூடாது. ரிலேயை மாற்ற முடியாத இடம் என்றால் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. பிஎல்சி இன்புட்டுக்கு இணையாக 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 24 வோல்ட்டில் அது 24 மில்லியாம்ப் கூடுதலாக இழுக்கும், காண்டாக்டுக்குக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும்.

கறுத்திருக்கிறதா என்று கழற்றாமலேயே பார்க்கலாம். காண்டாக்ட் மூடி, சிக்னல் போய்க்கொண்டிருக்கும்போது அதன் இரு முனைக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். நல்ல காண்டாக்டில் கிட்டத்தட்ட சைபர். அங்கே 8 வோல்ட் நின்றால் பிஎல்சிக்கு 16தான் போய்ச் சேர்கிறது. சாதாரண 24 வோல்ட் இன்புட் 15க்கு மேல் வந்தால்தான் 'ஆன்' என்று உறுதியாக ஒப்புக்கொள்ளும். விளிம்பில் ஊசலாடும் சிக்னல் இப்படித்தான் உண்டாகிறது.

அடுத்தது 'நார்மல்' என்ற சொல். இது எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது என்று கணக்கில்லை. நார்மலி ஓப்பன் என்றால் மெஷின் நார்மலாக ஓடும்போது திறந்திருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. காயிலில் சப்ளை இல்லாமல், ரிலே கடை அட்டைப்பெட்டியில் இருக்கும் நிலைதான் நார்மல். ட்ராயிங்கும் அந்த நிலையில்தான் வரையப்படும். குடியாத்தம் பக்கம் போர்வெல் ஸ்டார்ட்டரில் எஸ்பிபி என்று ஒன்று மாட்டியிருப்பார்களே, ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது. அதன் காண்டாக்டை, ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கும் நோவோல்ட் காயிலோடு வரிசையில் போட்டிருப்பார்கள். மூன்று ஃபேஸும் ஒழுங்காக இருந்தால்தான் அதன் உள் ரிலே இழுத்து நார்மலி ஓப்பன் காண்டாக்ட் மூடும். மெக்கானிக் அதைக் கழற்றி மேசையில் வைத்து பஸ்ஸர் பார்ப்பார், கத்தாது, "காண்டாக்ட் போச்சுங்க" என்று புதிது விற்றுவிடுவார். மேசையில் சப்ளை ஏது, அது திறந்துதான் இருக்கும். உங்கள் சீனியர் செய்ததும் ஏறக்குறைய அதே தப்புதான், திசை மட்டும் வேறு. பெரியவரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

கோளாறு காட்டும் காண்டாக்டை எடுக்கும்போது, நல்ல நிலையில் ரிலே இழுத்திருக்க, கோளாறு வந்தால் விடுவது மாதிரி எடுங்கள். அப்போதுதான் கண்ட்ரோல் சப்ளை போனாலும், எலி வயரைக் கடித்தாலும் அலாரம் வரும். தலைகீழாக எடுத்தால் வயர் அறுந்த அன்றைக்கும் 'எல்லாம் நலம்' என்றுதான் ஸ்க்ரீனில் இருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப் மாதிரி ஆள் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சாதாரண ரிலேயே கூடாது. ஒரு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மற்றது தப்பாகக் காட்டாதபடி எல்லாம் ஒன்றாக நகரும் சேஃப்டி ரிலே அதற்கென்று தனியாக இருக்கிறது.

மீட்டர் விஷயம். வெறும் காண்டாக்ட் என்று உறுதியானால்தான் பஸ்ஸர். அதற்கு முன் வோல்ட் ரேஞ்சில் வைத்து காண்டாக்டின் இரு முனையையும் எர்த்துக்கு எதிராகப் பாருங்கள், ஏசியும் டிசியும். எங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் வயரைக் கழற்றிவிட்டு பஸ்ஸர் வையுங்கள். உங்கள் ஜெனரேட்டர் பேனலில் 11-14 இப்போது ஓடும்போது கத்தும், நிறுத்தினால் நிற்கும். இரண்டு நிமிஷ வேலை.

நீள வயர் இழுத்த பிறகு வேறு ஒரு பேய் வரும். பவர் கேபிளோடு சேர்ந்து போகும் கண்ட்ரோல் கேபிளில் சும்மா இருக்கும் கோரில் (கேபிளின் உள் வயர்) டிஜிட்டல் மீட்டர் 70, 90 வோல்ட் என்று காட்டும். மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் என்பதால் பக்கத்து வயரில் இருந்து கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் துளி கரண்டுக்கே அது ஏமாறும். டெஸ்ட் லேம்ப் வைத்தால் காணாமல் போய்விடும். இதே கெபாசிட்டன்ஸ் ஏசி கண்ட்ரோலில் நிஜமாகவே விஷமம் செய்யும். கேபிளில் கோருக்குக் கோர் கிலோமீட்டருக்கு 0.3 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 22 மில்லியாம்ப். உங்கள் 350 மீட்டருக்கு 7 மில்லியாம்ப் சொச்சம். சின்ன 230 வோல்ட் ரிலேயைப் பிடித்து வைக்க அதுவே போதும். காண்டாக்ட் திறந்தும் ரிலே விடாமல் தொங்கும். காண்டாக்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் போட்டிருந்தாலும் அதே 7 மில்லியாம்ப் கதைதான். டிசியில் இந்தத் தொல்லை இல்லை. 24 கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம், ஜெனரேட்டர் பேனலில் அந்நிய 230 நிற்காது என்பது இன்னொரு காரணம்.

டெர்மினலில் 'பொட்டன்ஷியல் ஃப்ரீ' என்று எழுதியிருந்தாலும் உள்ளே நிஜமான ரிலேதானா என்று பார்த்துவிடுங்கள். சில சின்ன கன்ட்ரோலர்களில் ட்ரான்சிஸ்டரோ ட்ரையாக்கோ (ஏசிக்கான எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்திருப்பார்கள். ட்ரான்சிஸ்டருக்கு பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும், ட்ரையாக் அணைந்தாலும் கசியும், டிசியில் போட்டால் அணையவே அணையாது.

உங்கள் வேலைக்கு வருவோம். பிஎல்சி பேனலின் 24 வோல்ட் பிளஸ்ஸில் இருந்து 1 ஆம்ப் ஃபியூஸ் வழியாக ஒரு கோர், ஜெனரேட்டர் பேனலின் 11க்கு. 14இல் இருந்து இன்னொரு கோர் திரும்பி வந்து, பிஎல்சி இன்புட்டில் நேராகச் சேராமல், பிஎல்சி பேனலில் வைத்த ஒரு 24 வோல்ட் ரிலேயின் ஏ1க்கு. ஏ2 அதே சப்ளையின் சைபர் வோல்ட்டுக்கு, குறுக்கே டையோடு. அந்த ரிலேயின் தங்க முலாம் காண்டாக்ட் பிஎல்சி இன்புட்டுக்கு. ரிலே ஒன்று கூடுதலாக எதற்கு என்றால், 350 மீட்டர் வெளியில் ஓடும் கேபிளில் ஐப்பசி இடி எதையாவது இறக்கினால் விலை குறைந்த ரிலே போகட்டும், கார்டு பிழைக்கட்டும். கேபிளை 415 வோல்ட் ட்ரேயில் போடாமல் தனியாகக் கொண்டுபோங்கள். ஜெனரேட்டர் பேனலுக்குள் 11, 14 வரை ஆரஞ்சு வயர், ஃபெரூல் எண் (வயர் முனையில் மாட்டும் எண் வளையம்), பக்கத்தில் 'இடிபி பிஎல்சியில் இருந்து 24 வோல்ட் டிசி' என்று ஒரு ஸ்டிக்கர். தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள், ராத்திரி ஷிஃப்ட்டில் திறப்பவர் யாரென்று தெரியாது.

அந்த ரிலேயை மட்டும் கழற்றிவிடாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது.